மஸ்கட் டப்பாக்கள்

மச்சான், இதைப் படிக்கும்போது நீ சிரிப்பாய். சிரி. நம் தெருப் பையன்களில் பாதிப் பேர் இப்போது திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். முன்நெற்றி ஏறி, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற வயசு வந்துவிட்டது. ஆனாலும் அந்த வருஷத்துக் கோடை லீவை உங்களில் ஒருத்தனும் மறந்திருக்க மாட்டான். வீட்டுக்கு வீடு அரசாங்க டிவி வந்து இறங்கிய சமயம் அது. நாம் டிவி பார்க்கவில்லை. மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் சித்தப்பா மஸ்கட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்தார். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அத்தை போனில் அழுது அழுது, ஒருவழியாக லீவு வாங்கிக்கொண்டு நம் ஊர் குடிகாட்டுக்கு வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறக்கும்போது தெருவே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. செண்டு பாட்டில், பாதாம் பருப்பு, கோடாலித் தைலம், எல்லாம் வரும் என்று காத்திருந்தோம். வந்தது, தட்டையாகவும் வட்டமாகவும் தகர டப்பாக்கள்.

"என்னாடா தம்பி இது, ஷூ பாலிஷா?" என்றாள் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், உன் அம்மா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இங்கிலீஷ் எழுத்து எங்கே இருந்தாலும், அது உரமூட்டையாக இருந்தாலும் மாத்திரை அட்டையாக இருந்தாலும், என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டுவார்கள். டப்பாவை வாங்கி எழுத்துக்கூட்டினேன். பைப் டொபாக்கோ.

"பைப்புக்குள்ள புகையிலையா? எந்த பைப்பு, தண்ணி பைப்பா?" என்று கேட்டவன் நீதான் மச்சான். தெரு பூராவும் சிரித்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "நீ எப்படா புகை புடிக்கக் கத்துக்கிட்ட?"

"யாரு புடிச்சா? புடிச்சா நாக்கு செத்துடும்க்கா. நாக்கு செத்தா அப்புறம் என்னா சமைக்கிறது? இது மோந்து பாக்கத்தான்."

"மோந்து பாக்கவா! அதுக்கு ஏரோப்ளேன்ல தூக்கியாந்தியா?"

அதுதான் உண்மை. அந்த வெள்ளைக்காரர் சாயங்காலமானால் வராந்தாவில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைப்பாராம். சித்தப்பா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இன்றைக்கு எந்த டப்பா என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவாராம். வெள்ளைக்காரரும் அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டார். பிறகு டாக்டர் பைப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட, டப்பாக்களை எல்லாம் சித்தப்பாவின் கையில் கொடுத்து, "நான் புகைத்தேன், உனக்குத்தான் இதன் அருமை தெரியும்" என்றாராம்.

முதல் டப்பா திறந்த நேரம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மூடி 'புஸ்' என்று காற்று வாங்கியது. மஞ்சளும் செம்மண் நிறமுமாக, நாடா நாடாவாக வெட்டிய இலை. அதுதான் வர்ஜினியா என்கிற புகையிலை ரகம். நாம் எதிர்பார்த்தது வெற்றிலைப் பெட்டி நாற்றம். வந்ததோ வெயிலில் காய்ந்த வைக்கோலும் உலர்ந்த திராட்சையும்! "டேய், இது நம்ம வைக்கப்போர்டா!" என்று நீ கத்தினாய். உடனே அதற்கு வைக்கப்போர் என்றே பேர். அடுத்த டப்பாவில் ஐஸ் வண்டி வாசனை, அதற்குக் குல்பி. இன்னொன்றில் புளிப்பானையின் அடியைச் சுரண்டிய மாதிரி, கூடவே மிளகுக் காட்டம். அதைப் பீப்பாய் நிறையப் போட்டு அழுத்தி ஊறவைப்பார்களாம். புளிப்பானை என்றோம். இங்கிலீஷ் பேரெல்லாம் என்னோடு நின்றது. தெருவுக்கு நாம் வைத்த பேர்தான்.

அப்புறம் சித்தப்பா அந்தக் கறுப்பு இலையை எடுத்தார்.

எப்படிச் சொல்வது? மழை நாளில் ஈர விறகு அடுப்பு, புதுச் செருப்புக் கடை, துறைமுகத்தில் படகுக்குக் காய்ச்சும் தார், நெத்திலிக் கருவாடு சுடுகிற வீடு. எல்லாம் ஒரே சிட்டிகையில்! லட்டாக்கியா என்று அதன் பேர். சைப்ரஸ் என்கிற தீவில் இலையைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே புதர்க்கட்டைகளை மூட்டம் போட்டு, மாசக்கணக்காகப் புகை காட்டுவார்களாம். "தீ புடிக்கக் கூடாது, புகை மட்டும்தான் ஏறணும். கருவாட்டுக்குக் காட்டுறோமே, அந்தப் பக்குவம்" என்றார் சித்தப்பா. நமக்கு அது உடனே புரிந்தது.

பிறகுதான் வேடிக்கையே. அந்தக் கறுப்பு இலையை வைக்கப்போரோடு எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதில் டப்பாவுக்கு டப்பா வித்தியாசம். ஒன்றில் கொஞ்சமே கொஞ்சம். மூணாவது தெருவில் யாரோ அடுப்பு மூட்டுகிற மாதிரி. இன்னொன்றில் பாதிக்குப் பாதி. அடுப்பெதிரே உட்கார்ந்து கண் கசக்குகிற மாதிரி. மூன்றாவதில் வேறெதுவும் கிடையாது, அடுப்புக்குள்ளேயே தலையை விட்ட மாதிரி.

"டப்பாவுல ஒரு வாசனை, எரிஞ்சா வேற வாசனை, பாருங்கடா" என்று, அத்தையின் தூபக்காலில் கங்கு போட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டுவார். குல்பி எரிந்தால் குல்பி போய்விடும், கருகின சர்க்கரைதான் மிஞ்சும். வைக்கப்போர் எரிந்தால் சுட்ட ரொட்டி. லட்டாக்கியா எரிந்தால் செருப்பும் தாரும் எங்கோ ஓடிப்போய், கோயில் மாதிரி ஒரு வாசனை வரும். நாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். அம்மா துடைப்பத்தோடு வந்து, "புள்ளைங்கள புகையில நிக்க வச்சிக்கிட்டு!" என்று நம்மை விரட்டுவாள். விரட்டின வழியே சுற்றிக்கொண்டு திரும்ப வருவோம்.

நம் ஊர்க்காரர்களின் மூக்கு கொஞ்சம் வேறு மாதிரி என்று இப்போது தோன்றுகிறது. காற்று கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து திரும்பினால், எதையும் பார்க்காமலே 'அழுகுன முட்டை', 'நெயில் பாலிஷ்', 'வெந்த முட்டைக்கோஸ்' என்று நாம் பேர் சொல்வோம். காற்று திரும்பியதும் வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டு அதை அமுக்குவதும் நம் பழக்கம். வெளியூர்க்காரன் வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி போடுவான், நமக்கு அதற்குக் கிழமையே கிடையாது. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் கண்ணைக் கட்டி டப்பா சொல்லும் போட்டி நடத்தினோம். சைப்ரஸ் லட்டாக்கியாவையும் சிரியா லட்டாக்கியாவையும் பிரித்துச் சொல்வதுதான் கடைசிக் கட்டம். இரண்டும் புகைதான். ஆனால் சிரியா இலை கொஞ்சம் மெதுவானது, புகைக்கு அடியில் ஒரு திராட்சைப் புளிப்பு நிற்கும். அதை நான் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன அன்றைக்கு சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினார்!

ஆனால் சித்தப்பாவுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தது. சைப்ரஸ் மூட்டத்தில் போடுகிற கட்டைகளில், பிசின் வடிகிற புதர் ஒன்று உண்டு என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பிசின் எப்படி மணக்கும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் காலையில் லட்டாக்கியாவைக் காகிதத்தில் மடித்து, நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோட்டில் நீ வாந்தி எடுத்தாய், மறந்துவிட்டேன் என்று சொல்லாதே.

கீழவீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. கல்லாவில் முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன இழுப்பறைகளுக்கு நடுவில் ஓர் அக்கா நின்று பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா காகிதத்தை விரித்து நீட்டினார். "இந்த வாசனை வர்ற மாதிரி பிசின் ஏதாச்சும் இருக்குங்களா?"

அக்கா மோந்தது. கண்ணை மூடித் திரும்ப மோந்தது.

"இது எலை. புகை போட்ட எலை. புகையிலையா?"

"எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க?"

"எங்கப்பா பீடி. அந்த வாசனை மூக்கவிட்டுப் போவல இன்னும்." சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறி மேலே ஓர் இழுப்பறையைத் திறந்து, கண்ணீர்த்துளி மாதிரி மஞ்சளாக ஒன்றை உள்ளங்கையில் வைத்தது. "ரூமி மஸ்தகி. வவுத்து வலிக்கு வாங்குவாங்க. இப்ப மோந்து பாருங்க."

சித்தப்பா மஸ்தகியை மோந்தார், இலையை மோந்தார், மறுபடி மஸ்தகியை மோந்தார். "அதேதான்! அதேதாங்க!" என்று கடையே அதிரக் கத்தினார். முதலாளி தூக்கத்திலிருந்து எழுந்து "யாருய்யா அது?" என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. கடல்தாண்டி எங்கேயோ எரிகிற புதரின் பிசின், சிதம்பரத்து இழுப்பறைக்குள் வயிற்று வலிக்கு உட்கார்ந்திருந்தது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சித்தப்பாவுக்குப் புல்லரித்தது மஸ்தகிக்காக மட்டும் இல்லை என்று நமக்கு அப்போது தெரியாது.

அதற்கப்புறம் சித்தப்பாவுக்கு அடிக்கடி வயிறு வலித்தது. சிதம்பரம் போனால்தான் சரியாகும்.

அத்தை மோப்பம் பிடித்து விசாரித்தாள். அந்த அக்காவின் வீட்டார் குமராட்சிக்காரர்கள், அத்தையின் நாத்தனார் வழியில் தூரத்துச் சொந்தம். அப்பா இல்லை. அம்மாதான் களையெடுத்து, நாற்று நட்டு, பெண்ணை வளர்த்து ஆளாக்கியவள். எல்லாம் பொருந்தி வந்தது. ஒரே ஒரு முடிச்சு. பெண்ணின் அப்பா பீடி பிடித்து, நுரையீரல் கெட்டுச் செத்துப்போனவர். பீடி, சிகரெட்டைத் தொடுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று அந்த அம்மா வந்த வரன்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தாள். வாத்தியார் வேலை பார்த்த ஒருத்தரைக்கூட, சட்டைப்பையில் தீப்பெட்டியைப் பார்த்ததும் எழுந்துபோகச் சொல்லிவிட்டாளாம்.

சித்தப்பாவின் முகம் கங்கு அணைந்த தூபக்கால் மாதிரி ஆகிவிட்டது. அந்த அக்கா வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று அத்தையிடம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா டப்பாக்களைப் பார்த்தார்.

"கொண்டுபோயி உப்பனாத்துல கொட்டிடு" என்றார் அப்பா.

"கொட்ட வேணாம், ஒளிச்சி வைங்கன்னு அதுவே சொல்லிச்சி" என்றார் சித்தப்பா.

"எது?"

"அதான்... கடையில இருக்குதே, அது. மிஸ்டு கால் குடுத்துச்சி, நான் கூப்புட்டேன்."

"அட, அது வரைக்கும் வந்துடிச்சா!" என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த அம்மா மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். முந்தின நாளே டப்பாக்களைச் சாக்கில் கட்டி உங்கள் வீட்டுப் பரண்மேல் ஏற்றினோம். ஒன்றை மட்டும் யாருக்கும் நினைவில்லை. கடற்காற்றில் தகரம் துருப்பிடிக்கிறது என்று சைப்ரஸ் லட்டாக்கியாவை சித்தப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றியிருந்தார். அது சமையலறை அலமாரியில், இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இன்னொன்றில் இருந்தது சாம்பிராணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவே விருந்து சமைத்தார். "வந்ததும் சாப்புட மாட்டாங்க. புடிச்சிருந்தாதான் நம்ம வீட்டுல கை நனைப்பாங்க. இல்லன்னா தண்ணிகூட வேணாம்னு கெளம்பிடுவாங்க" என்று அத்தை நமக்கு விளக்கினாள். அதனால் அன்றைக்கு எல்லாமே அந்தச் சோற்றில்தான் இருந்தது. சித்தப்பா விடிந்ததிலிருந்து பூண்டு உரித்தார், மசாலா அரைத்தார், இறால் ஆய்ந்தார்.

வேன் வருகிற நேரத்துக்குச் சரியாகக் காற்று திரும்பியது. அழுகுன முட்டை!

"அய்யய்யோ, இந்த நாத்தத்துலயா அந்தம்மாவ உக்கார வைக்கிறது!" அத்தை பறந்தாள். அடுப்புக் கங்கை அள்ளித் தூபக்காலில் கொட்டினாள். அலமாரிக்குக் கை நீட்டினாள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பாட்டில். உள்ளே கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒன்று. அந்த முட்டை நாற்றத்தில் அவளுக்கு என்ன சந்தேகம் வரும்? ஒரு சிட்டிகை இல்லை, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாள்.

மச்சான், நாம் அதுவரை சிட்டிகையைத்தான் பார்த்திருந்தோம். ஒரு கை லட்டாக்கியா எரிந்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். நீலமாகக் கிளம்பிய புகை கூரையைத் தொட்டு, சுவரில் இறங்கி, ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது. முட்டை நாற்றம் இருந்த இடம் தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரர், "யாரு வூட்டுலடா படகு எரியுது?" என்று வெளியே வந்தார். அந்தப் புகைக்குள் வேனிலிருந்து இறங்கி வந்தார்கள், அக்காவின் அம்மாவும் தாய்மாமாவும்.

அந்த அம்மா வாசற்படியில் நின்றாள். மூக்கு விடைத்தது. "என்னா வாசனை இது?"

அப்பா வேட்டியைச் சரிசெய்தார். அத்தைக்கு அப்போதுதான் புரிந்துவிட்டது போல, முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சாம்பிராணிம்மா. மஸ்கட்டு சாம்பிராணி. நம்மூருது மாதிரி இருக்காது, கொஞ்சம் காட்டம் ஜாஸ்தி."

தாய்மாமா தலையாட்டினார். "ஆமாக்கா, அந்தப் பக்கம் சாம்பிராணி பேரு போனதுன்னு சொல்லுவாங்க."

தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். சித்தப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, இது மஸ்கட்டு சாம்பிராணியா?"

அப்பா கண்ணைக் காட்டினார். அத்தை கண்ணைக் காட்டினாள். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லம்மா" என்றார் சித்தப்பா. "புகையிலை."

தாய்மாமா உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழுந்தார். "கெளம்புக்கா."

"நான் புடிக்கிறதில்லம்மா. மோந்துதான் பாப்பேன்" என்றார் சித்தப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. அவ்வளவு புகை அவர் மூக்குக்குள் போயிருந்தது. "ஆனா ஒரு கை போட்டா இப்பிடி வரும்னு எனக்கே இன்னிக்குத்தாம்மா தெரியும்! அடியில பாருங்க, ஒரு இனிப்பு வருதா? அது மஸ்தகிக் கட்டை..."

"மோந்து பாக்குறதுக்குப் புகையிலை வாங்குனாராம்! யாருகிட்ட கதை உடுறாரு?" என்றார் தாய்மாமா.

அந்த அம்மா கையை நீட்டினாள். "கையக் குடு தம்பி."

சித்தப்பா வலது கையை நீட்டினார். அவள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிரித்து, இடுக்கை மூக்கருகில் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். "சோப்பு போட்டுத் தேச்சாலும் இந்த எடத்துல நிக்கும். சீவக்கா போட்டாலும் போவாது. எத்தினி வருசம் அவரு கையத் தேச்சுவுட்டவ நானு" என்று முணுமுணுத்தாள். இடது கையையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு, நாம் கொஞ்சமும் எதிர்பார்க்காமல், எக்கி நின்று அவர் மீசையை மோந்தாள். நீ பக்கென்று சிரித்துவிட்டாய். அத்தை உன் மண்டையில் ஒன்று போட்டாள்.

தாய்மாமா வாசலில் ஒரு காலை வைத்தபடி காத்திருந்தார். 

"பூண்டு" என்றாள் அந்த அம்மா. "இஞ்சி. எறா ஆஞ்சிருக்க. பட்டையா, லவங்கமா?"

"ரெண்டும்மா."

அவள் கையை விட்டாள். தம்பி பக்கம் திரும்பி, "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாடா" என்றாள். அத்தையிடம், "எலையப் போடுங்க அண்ணி. பசிக்குது."

அதற்கப்புறம் வீட்டில் எழுந்த சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. அப்பா தானே வாழையிலையைத் துடைத்தார். அம்மா அழுதாள், சிரித்தாள், அப்பளத்தைக் கருக்கினாள். சித்தப்பா பரிமாறிய இறால் தொக்கை அந்த அம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கியபோது, "போடுறேன் அத்தை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நாம் இரண்டு பேரும் விசிலடித்தோம்.

பெரியவர்கள் எல்லோரும் பிற்பாடு ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: அந்தம்மா எமன், சந்தேகக்காரி, மாப்பிள்ளை மீசையையே மோந்து பார்த்தவள். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அன்றைக்கு நான் மட்டும் பார்த்த ஒன்று உண்டு. உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

சாப்பிட்டுக் கை கழுவ அவள் கொல்லைப்புறம் போனாள். அத்தை பயத்தில் தூக்கிக்கொண்டுபோய் வைத்த தூபக்கால், துணி துவைக்கிற கல்மேல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் கையைக் கழுவாமல், தூபக்காலுக்கு முன்னால் குனிந்து நின்று, இடது கையால் புகையை முகத்துப் பக்கம் தள்ளித் தள்ளி மோந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நல்லாருக்குதாங்க?" என்று கேட்டேன். எனக்கு அந்த வாசனையைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும், அவ்வளவுதான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். சொம்பை வாங்கிக் கையை நனைத்தாள். ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தேன்.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் அந்த நாத்தம் புடிச்ச பீடியத்தாண்டா இழுத்தாரு. சாவுறதுதான் சாவுற, இந்த மாரி ஒண்ணாவது இழுத்துட்டுச் செத்திருக்கக் கூடாதா?"